மனசை நிறுத்திப் பார்த்த மனிதர்: அரவிந்தரின் புதுச்சேரி சோதனையும் இன்றைய மூளை அறிவியலும்

புதுச்சேரி மரீன் தெருவில் உள்ள அரவிந்தர் ஆசிரமத்துக்கு வார இறுதியில் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வெளியே பீச் ரோட்டில் செல்ஃபி கூட்டம். உள்ளே, பூக்களால் மூடப்பட்ட சமாதியைச் சுற்றி முழு அமைதி. செல்போனை அணைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்காருகிறார்கள். உட்கார்ந்த அடுத்த நிமிடமே மனசு கிளம்பிவிடுகிறது. ஹோட்டல் செக்-அவுட், திங்கட்கிழமை மீட்டிங், யாரோ எப்போதோ சொன்ன ஒரு வார்த்தை...

சும்மா இருக்கும்போது மனசு ஏன் சும்மா இருப்பதில்லை? அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கும் மனிதர், நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்வியோடுதான் இதே ஊரில் வாழ்ந்தார். மூளை ஸ்கேன் எதுவும் இல்லாத காலத்தில், தன் மனதையே ஆய்வுக்கூடமாக வைத்துக்கொண்டு 40 ஆண்டுகள் சோதனை செய்தார்.

அவர் சொன்னதை எல்லாம் விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல்கள் ஏராளம். எல்லாமே கற்பனை என்று ஒதுக்குபவர்களும் உண்டு. உண்மை நிலவரம் என்ன? அரவிந்தரின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்கலாம்.

வங்காளம் பேசத் தெரியாத வங்காளி

அரவிந்த கோஷ் 1872 ஆகஸ்ட் 15 அன்று கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிருஷ்ண தன கோஷ், பிரிட்டனில் படித்த அரசு மருத்துவர். பிள்ளைகள் முழுக்க முழுக்க ஆங்கிலேயர் போல வளர வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். 1879-இல், ஏழு வயதில், அரவிந்தரை அண்ணன்மார் இருவரோடு இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார்.

மான்செஸ்டரில் ஒரு பாதிரியார் வீடு, லண்டனில் செயின்ட் பால்ஸ் பள்ளி, கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரி. கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு எல்லாம் கைவந்தன. தாய்மொழிதான் வரவில்லை. ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறினார். ஆனால், குதிரையேற்றத் தேர்வுக்குப் போகவில்லை. கலெக்டர் ஆகும் வாய்ப்பு அத்தோடு போனது.

1893-இல் இந்தியா திரும்பினார். மகன் வரும் கப்பல் மூழ்கிவிட்டதாக வந்த தவறான செய்தியைக் கேட்ட அதிர்ச்சியில், அவர் வந்து சேரும் முன்பே தந்தை இறந்துவிட்டார். பரோடா சமஸ்தானத்தில் வேலை, கல்லூரியில் பேராசிரியர் பணி, 1901-இல் மிருணாளினியுடன் திருமணம் என வாழ்க்கை நகர்ந்தது. இன்னொரு பக்கம் ரகசியமாகப் புரட்சி அரசியல். 1906-இல் கல்கத்தா சென்று, வந்தே மாதரம் பத்திரிகை மூலம் நாடறிந்த தலைவரானார்.

யோகத்தின் பக்கம் அவர் வந்தது சாமியாராகப் போவதற்காக இல்லை. தேசவிடுதலைக்குத் தேவையான மனபலம் அதில் கிடைக்குமா என்று பார்க்கத்தான் வந்தார். 1904 வாக்கில் பிராணாயாமம் தொடங்கினார். மூளை சுறுசுறுப்பானதையும் கவிதை வேகமாக வந்ததையும் கவனித்தார். பிறகு பலன் நின்றுபோனது. அதையும் கவனித்தார்.

பரோடாவில் மூன்று நாள்

1907 டிசம்பரில் சூரத் காங்கிரஸ் மாநாடு ரகளையில் முடிந்து கட்சி பிளவுபட்டது. அந்தப் பரபரப்பு அடங்கும் முன்பே, 1908 ஜனவரியில், அரவிந்தர் பரோடாவில் ஒரு வீட்டின் மாடி அறைக்குள் போய் உட்கார்ந்தார். கூடவே விஷ்ணு பாஸ்கர் லேலே என்ற மராட்டிய யோகி.

லேலே சொன்ன பயிற்சி எளிமையானது. உட்கார், மனதைக் கவனி, எண்ணங்கள் வெளியிலிருந்து உள்ளே வருவதைப் பார்ப்பாய், நுழையும் முன்பே தள்ளிவிடு. அவ்வளவுதான். எண்ணம் வெளியிலிருந்து வரும் என்பது அரவிந்தருக்கே புதிய செய்தி. இருந்தாலும் விவாதிக்காமல் செய்து பார்த்தார். மூன்று நாளில் மனம் முழுமையாக அமைதியாகிவிட்டதாகப் பிற்காலத்தில் பலமுறை பதிவுசெய்திருக்கிறார். அடுத்த சில நாட்களிலேயே பம்பாயில் மேடை ஏறிப் பேசியபோதும் உள்ளே அந்த அமைதி குலையவில்லை என்பது அவருடைய சாட்சியம்.

சும்மா இருக்கும் மூளை என்ன செய்யுது?

இப்போது அறிவியல் பக்கம் வருவோம். மனித மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதம். ஆனால், உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. கடினமான கணக்குப் போடும்போது செலவு எகிறும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. ஏதாவது ஒரு வேலையில் கவனம் செலுத்தும்போது கூடுதலாகச் செலவாவது 5 சதவீதத்துக்கும் குறைவு. அப்படியானால் மீதி ஆற்றல் எங்கே போகிறது?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கஸ் ரெய்க்லும் அவரது குழுவினரும் 2001-இல் ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார்கள். மூளையின் சில பகுதிகள், நாம் வேலை செய்யும்போது அடங்கி, சும்மா இருக்கும்போது விழித்துக்கொள்கின்றன. இந்தப் பகுதிகளின் கூட்டணிக்கு டிஃபால்ட் மோட் நெட்வொர்க் என்று பெயர் வந்தது. பழைய நினைவு, நாளைய திட்டம், என்னைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை என எல்லாமே இந்த வலையமைப்போடு தொடர்புடையவை. மனசு ஓடிக்கொண்டே இருப்பது உங்கள் பலவீனம் கிடையாது. மூளையின் இயல்பே அதுதான்.

2010-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் ஐபோன் ஆப் வழியாக 2,250 பேரை ஆராய்ந்தார்கள். இப்போது என்ன செய்கிறீர்கள், எதைப் பற்றி நினைக்கிறீர்கள் என்று அவ்வப்போது கேட்கும் ஆப் அது. சேகரித்த பதில்களில் கிட்டத்தட்ட 47 சதவீதத்தில், செய்யும் வேலையில் மனம் இல்லை. மனம் அலையும் நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாக இருந்தது.

அரவிந்தர் பின்னாளில் சீடர்களுக்கு எழுதிய கடிதங்களில், நமக்குள் ஓர் இயந்திர மனம் இருப்பதாக விளக்கினார். பழையதையே திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருக்கும், யாரும் கேட்காமலேயே ஓடும் என்றார். அதோடு சண்டை போடாமல் விலகி நின்று பார்க்கச் சொன்னார். ரெய்க்லின் வலையமைப்பும் அரவிந்தரின் இயந்திர மனமும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. ஆனால், இருவரும் ஒரே பழக்கத்தைத்தான் வெவ்வேறு ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

தியானம் செய்தால் அந்த வலையமைப்பு அடங்குமா? 2011-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜட்சன் ப்ரூவர் குழுவினர், சராசரியாக 10,000 மணி நேரத்துக்கு மேல் தியானம் செய்தவர்களை ஸ்கேன் செய்தார்கள். புதியவர்களோடு ஒப்பிட்டால், அவர்களிடம் அந்த வலையமைப்பின் முக்கியப் பகுதிகள் தியானத்தின்போது குறைவாகவே இயங்கின. பரோடா மாடி அறையில் நடந்ததாகச் சொல்லப்படுவதற்கு இது நெருங்கிய சான்று. ஆனால், யேலில் உட்கார்ந்தவர்கள் 10,000 மணி நேரப் பயிற்சி உள்ளவர்கள். மூன்று நாளில் மனம் முழுக்க அடங்கியது என்பதற்கு அரவிந்தரின் வார்த்தை மட்டுமே ஆதாரம்.

சிறையிலிருந்து புதுச்சேரிக்கு

1908 மே 2 அன்று அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தர் கைது செய்யப்பட்டார். ஓராண்டு சிறை. அதில் பெரும்பகுதி தனிமைச் சிறை. தனிமை ஆரம்பத்தில் தன்னையும் ஆட்டிப்பார்த்தது, எண்ணங்கள் கட்டுமீறின, மனநிலை பிசகிவிடுமோ என்ற அச்சம் வந்தது என்று சிறை அனுபவக் கட்டுரைகளில் மறைக்காமல் எழுதினார். பிறகு கீதையும் தியானமும் அவரைத் தூக்கி நிறுத்தின. சித்தரஞ்சன் தாஸ் வாதாட, 1909 மே 6 அன்று விடுதலையானார்.

மறுபடியும் கைதாகும் நிலை வந்தபோது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூருக்கும், அங்கிருந்து கப்பலில் புதுச்சேரிக்கும் வந்தார். 1910 ஏப்ரல் 4 அன்று அவரை வரவேற்றவர்களில் ஒருவர், ஏற்கெனவே இங்கே அடைக்கலம் புகுந்திருந்த சுப்பிரமணிய பாரதி. கலவை சங்கரன் செட்டியார் வீட்டு மாடியில் ஆறு மாதம் யார் கண்ணிலும் படாமல் தங்கினார். அங்கே 23 நாள் உண்ணாவிரதம் இருந்து, அந்த நாட்களிலும் தினமும் எட்டு மணி நேரம் நடந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார்.

சில மாதங்கள் தங்கத்தான் வந்தார். 40 ஆண்டுகள் இருந்துவிட்டார். தெருமுனையில் எப்போதும் பிரிட்டிஷ் உளவாளிகள். கையில் காசு இல்லை. பாரதியோடு வேதம் பற்றிப் பேச்சு. ஆண்டாள், நம்மாழ்வார் பாடல்களை ஆங்கிலத்தில் தர பாரதியின் உதவி.

இந்த வாழ்க்கைக்கு ஒரு விலையும் இருந்தது. மனைவி மிருணாளினி வங்காளத்திலேயே காத்திருந்தார். 1918 டிசம்பரில், உலகையே உலுக்கிய இன்ஃபுளுயன்சா கொள்ளைநோயில் கல்கத்தாவில் இறந்தார். புதுச்சேரிக்கு அவர் வரவே இல்லை.

லேப் நோட்டு போல ஒரு டைரி

அரவிந்தரின் மறைவுக்குப் பின் கிடைத்த நோட்டுப் புத்தகங்களில் ஒரு வியப்பு காத்திருந்தது. முக்கியமாக 1912 முதல் 1920 வரை எழுதிய யோகக் குறிப்பேடு அது. 2001-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக நூல் வடிவம் பெற்றது.

பக்தி உருக்கத்தை எதிர்பார்த்துத் திறப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். தேதி போட்டு, பல இடங்களில் நேரமும் போட்டு, சமஸ்கிருதக் கலைச்சொற்களில் சுருக்கமாக எழுதப்பட்ட பதிவுகள் அவை. இன்று மனச் சமநிலை எவ்வளவு நேரம் நின்றது, எப்போது கலைந்தது, உடல் சோர்வு எப்படி இருந்தது என்று போகும். பறவை எந்தப் பக்கம் திரும்பும், எறும்பு எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே கணித்து, சரியா தவறா என்று குறித்துவைத்த பதிவுகளும் உண்டு. பலித்ததை மட்டும் எழுதாமல் பொய்த்ததையும் எழுதினார்.

இதை அறிவியல் சோதனை என்று சொல்லலாமா? முடியாது. கணிப்பவரும் அவரே, மதிப்பெண் போடுபவரும் அவரே. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆள் இல்லை. தற்செயலாக எத்தனை பலிக்கும் என்ற கணக்கும் இல்லை. ஆனால், அந்தப் பொறுமையான சுயகவனிப்புக்கு இன்று மதிப்பு கூடியிருக்கிறது. ஸ்கேன் கருவி மூளையில் எங்கே ரத்தம் பாய்கிறது என்று காட்டும். அந்த நேரத்தில் உள்ளே என்ன அனுபவம் ஓடியது என்பதை அனுபவித்தவர்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் தியானத்தை ஆராயும் கூடங்கள், தன் மனதைத் துல்லியமாக விவரிக்கப் பழகியவர்களைத் தேடுகின்றன.

வளர்ந்த மூளை மாறுமா?

புதுச்சேரியில் அரவிந்தர் இந்தக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஸ்பெயினில் நரம்பியலின் தந்தை எனப் போற்றப்படும் சாந்தியாகோ ரமோன் இ கஹால் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். 1906-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். வளர்ந்த மனிதரின் நரம்புப் பாதைகள் இறுதியானவை, மாற்ற முடியாதவை என்பது 1913-14-இல் வெளியான அந்த நூலின் முடிவு. இதை மாற்றுவது எதிர்கால அறிவியலின் வேலை என்றும் அவர் ஒரு கதவைத் திறந்தே வைத்தார். ஆனால், முதல் பாதிதான் பல பத்தாண்டுகள் பாடமாக ஓடியது.

அரவிந்தர் நேர் எதிரான நம்பிக்கையில் உழைத்துக்கொண்டிருந்தார். 1914 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய ஆர்யா மாத இதழில் 1921 ஜனவரி வரை, ஒரே நேரத்தில் பல தொடர்களை எழுதினார். மனிதன் ஒரு முடிந்த தயாரிப்பு இல்லை, இடைக்கட்டம்தான், மனதின் பழக்கங்களைப் பயிற்சியால் அடியோடு மாற்றலாம் என்பதே அந்த எழுத்தின் அடிநாதம்.

இன்று அறிவியல் எங்கே நிற்கிறது? 2000-இல் லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களை எலினர் மெக்வயர் குழுவினர் ஸ்கேன் செய்தார்கள். ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்த அந்த ஓட்டுநர்களுக்கு, வழித்தட நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. வளர்ந்த பிறகும் மூளை தன் இணைப்புகளை மாற்றிக்கொள்ளும் இந்தத் திறனுக்கு நியூரோபிளாஸ்டிசிட்டி என்று பெயர். பக்கவாதம் வந்தவருக்கு மறுபடி நடக்கவும் பேசவும் கற்றுக்கொடுக்கும் சிகிச்சை நிற்பதே இந்த அடித்தளத்தில்தான். மாற முடியும் என்ற விஷயத்தில் அரவிந்தரின் நம்பிக்கை வென்றிருக்கிறது.

எவ்வளவு மாறும் என்பதில்தான் நிதானம் தேவை. எட்டு வாரம் தியானம் செய்தால் மூளையின் அமைப்பே மாறும் என்ற செய்தி 2011 முதல் பரபரப்பாக ஓடியது. 2022-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வாளர்கள், 200-க்கும் மேற்பட்டோரை வைத்துக் கூடுதல் கவனத்தோடு சோதித்தபோது, அப்படியான அமைப்பு மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆப் டவுன்லோட் செய்து இரண்டு மாதத்தில் மூளையை மாற்றலாம் என்று யாராவது விற்றால், கொஞ்சம் யோசிக்கலாம்.

யோகிகளைத் தேடி வந்த கருவிகள்

மனித மூளையின் மின் அலைகளை ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலில் பதிவுசெய்தது 1924-இல். உலகுக்கு அறிவித்தது 1929-இல். அதற்குள், 1926 நவம்பர் 24 முதல், அரவிந்தர் தனிமைக்குள் போய்விட்டார். 1914-இல் பிரான்சிலிருந்து வந்து, பிறகு 1920 முதல் இங்கேயே தங்கிவிட்ட மிர்ரா அல்ஃபஸ்ஸா, அதாவது அன்னை, ஆசிரமப் பொறுப்புகளை ஏற்றார். அரவிந்தரின் தலையில் யாரும் இ.இ.ஜி. மின்முனைகளைப் பொருத்தியதில்லை.

அவர் மறைந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1957-இல், அமெரிக்காவிலிருந்து வெங்கர், பாக்சி என்ற இரு ஆய்வாளர்கள் கருவிகளோடு இந்தியா முழுக்க யோகிகளைத் தேடி அலைந்தார்கள். இதயத்தை நிறுத்துவோம் என்றவர்களைச் சோதித்தார்கள். மூச்சை அடக்கி மார்பை இறுக்கியதால் நாடி தெரியாமல் போனதே தவிர, இதயம் துடித்துக்கொண்டுதான் இருந்தது. அதேசமயம், டெல்லி எய்ம்ஸில் பால்கிருஷ்ண ஆனந்த் குழுவினர் 1961-இல் வெளியிட்ட ஆய்வில் வேறு ஒன்று தெரிந்தது. ஒரு சில யோகிகள் ஆழ்ந்த தியானத்தில் இருக்கும்போது ஒளி, ஒலி, சூடு எதைக் காட்டினாலும் அவர்களின் ஆல்ஃபா அலைகள் கலையவில்லை. ஆக, சித்து வேலை பொய்த்தது. கவனத்தின் மீதான கட்டுப்பாடு தேறியது. ஆட்களின் எண்ணிக்கை குறைவு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எங்கே இன்னும் பதில் இல்லை?

அரவிந்தரின் மிகப் பெரிய கூற்று வேறு. மூளை எண்ணத்தை உருவாக்குவதில்லை, அது ஒரு கருவி மட்டுமே, உணர்வு என்பது அதைவிடப் பெரியது என்றார். மன அமைதி கிடைத்த பிறகு, சிந்தனை தலைக்குள் நடக்காமல் தலைக்கு மேலே நடப்பதாக உணர்ந்ததாகவும் எழுதினார்.

நரம்பியல் இங்கே ஓர் எச்சரிக்கை மணி அடிக்கிறது. 2002-இல் ஜெனிவாவில் ஓலாஃப் ப்ளாங்கே குழுவினர், வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக ஒரு பெண்ணின் மூளையில் குறிப்பிட்ட இடத்தை மின்சாரத்தால் தூண்டினார்கள். தான் உடலுக்கு மேலே மிதப்பதாக அவர் உணர்ந்தார். நான் இங்கே இருக்கிறேன் என்ற உணர்வையே மூளைதான் கட்டமைக்கிறது என்பதற்கு இது ஒரு தடயம். எனவே, தலைக்கு மேலே என்று ஒருவர் உணர்வது உண்மையான அனுபவமாக இருக்கலாம். சிந்தனை உண்மையிலேயே அங்கேதான் நடக்கிறது என்பதற்கு அது சான்றாகாது.

அதற்காக அறிவியல் முழு விடையையும் கண்டுபிடித்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. மூளையின் மின்துடிப்பு எப்படி ஒரு நிறமாக, வலியாக, நான் என்ற உணர்வாக மாறுகிறது? இந்தக் கேள்விக்கு 25 ஆண்டுகளில் தெளிவான நரம்பியல் விடை கிடைத்துவிடும் என்று 1998-இல் விஞ்ஞானி கிறிஸ்டோஃப் கோக், தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023 ஜூனில் நியூயார்க் மேடையில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இது அரவிந்தரே கொடுத்தது. தயாராகாதவர்கள் அவசரப்பட்டுத் தீவிர சாதனையில் இறங்கினால் மனச்சமநிலை குலையலாம், பாதி வழியில் மாய அனுபவங்களை உண்மை என நம்பிவிடலாம் என்று சீடர்களுக்கு எழுதினார். தியானத்தால் சிலருக்குப் பதற்றம் கூடுவதை இன்றைய ஆய்வுகளும் பதிவுசெய்கின்றன. மன அழுத்த நோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவர், தியானத்தை நம்பி மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து.

கடைசி ஆண்டுகள்

1930-களில் இரவு முழுக்க விளக்கெரிய, சீடர்களின் சந்தேகங்களுக்கு ஆயிரக்கணக்கான கடிதங்களில் பதில் எழுதினார் அரவிந்தர். 1938 நவம்பர் 24 அதிகாலை தவறி விழுந்து வலது தொடை எலும்பு முறிந்தது. மருத்துவம் படித்த சீடர் நிரோத்பரன் அதன் பிறகு அருகிலேயே இருந்து கவனித்துக்கொண்டார். சாவித்திரி காவியத்தின் பகுதிகளை அவருக்குச் சொல்லி எழுதவைத்து, கடைசி வரை திருத்திக்கொண்டிருந்தார். அவரின் 75-ஆம் பிறந்தநாளில் இந்தியா விடுதலை பெற்றது. புதுச்சேரியில் அப்போதும் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது.

சிறுநீரகம் செயலிழந்து, 1950 டிசம்பர் 5 அதிகாலையில் அரவிந்தர் காலமானார். டிசம்பர் 9 அன்று ஆசிரம முற்றத்தில் அடக்கம் நடந்தது.

மூளையைத் தாண்டிய உணர்வு என்ற அவருடைய கூற்றை எந்தக் கருவியும் உறுதிசெய்யவில்லை. எந்தக் கருவியும் அந்தக் கேள்வியை மூடியும் விடவில்லை. மனதின் இரைச்சலை விலகி நின்று கவனிக்க முடியும், எந்த வயதிலும் மூளை பழகும் என்ற இரண்டு விஷயங்களில் மட்டும் அவரும் அறிவியலும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். மூன்றாவதாக ஒன்றை அவருடைய நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தன்னைத் தானே ஆராய்கிறவர், பலித்ததோடு பொய்த்ததையும் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும்.